ஆக்லாந்து எந்த நாடு

ஃபேன் சுத்தத்தான் செய்யுது, காத்துதான் கீழ எறங்கல. செண்பகவல்லி அண்ணாந்து அதையே பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருந்தாளோ, கையில கருப்பு பேனா, முன்னால கேள்வித்தாளு, பக்கத்துல வட்டம் வட்டமா அச்சடிச்ச விடைத்தாளு. எட்டாங்கிளாஸ் புள்ளைக உக்கார்ற பெஞ்சு, முட்டி இடிக்குது. எவளோ ஒருத்தி காம்பஸ் முனைய வச்சு ஒரு பய பேரச் செதுக்கி, பெறகு மனசு மாறி அதையே அடிச்சும் வச்சிருக்கா. வெள்ளன எந்திரிச்சு இட்டிலி ஊத்தி வச்சு, மகளுக்குத் தல பின்னி, மாமியாருக்கு சுகர் மாத்திரைய உரிச்சுக் குடுத்துட்டு, கோவில்பட்டிலருந்து எட்டயபுரம் வரைக்கும் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்த அசதி இப்பத்தான் கணுக்காலுக்கு எறங்குது. குரூப் போர் பரீட்ச. அவளுக்கு இதுதான் கடேசி. அடுத்த தடவ அறிவிப்பு வரும்போது வயசு தாண்டிரும், பெறகு ஆயுசுக்கும் தையல் மிசினுதான், ஊரான் வீட்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சே கண்ணு போயிரும். கவர்மெண்டுல ஒரு நாற்காலி, ஒரு மேச, அதுல தண்ணி பாட்டில் வச்சுக்க ஒரு மூல, அம்புட்டுத்தான் கேக்குறா. பாதிக் கேள்விக்கு மேல தாண்டி வந்துட்டா, தமிழு சுளுவா இருந்துச்சு, கணக்குதான் கொஞ்சம் காலப் புடிச்சு இழுத்துச்சு, அதையும் தாண்டியாச்சு. வந்த எடத்துல இது நிக்குது. பொருத்துக. இந்தப் பக்கம் நாலு ஊரு, இஸ்தான்புல், காசாபிளாங்கா, ஆக்லாந்து, வான்கூவர். அந்தப் பக்கம் நாலு நாடு, நியூசிலாந்து, கனடா, துருக்கி, மொராக்கோ. எந்த ஊரு எந்த நாட்டுல இருக்குன்னு சேக்கணும். சின்னப்புள்ளைக கேள்வி. ஆனா மூணாவது ஊர்ல கண்ணு போயி மாட்டிக்கிச்சு, முள்ளுல முந்தான மாட்டுன கணக்கா. ஆக்லாந்து. அவுக இருக்குற ஊரு. புருசன் சுடலைமுத்து ரெண்டு வருசமா பொழைக்கப் போயிருக்குற ஊரு. ஆஸ்திரேலியாவுல இருக்குற ஊரு. அந்தப் பக்கத்துல ஆஸ்திரேலியாவத் தேடுனா. மேலருந்து கீழ தேடுனா, கீழருந்து மேல தேடுனா. காணும்.

அச்சுல விட்டுப்போயிருக்கும். இருக்காதா என்ன, கல்யாணப் பத்திரிகைலயே மாப்பிள்ள பேர விட்டுட்டு அடிச்ச ஆளுக உண்டு, சித்தப்பா மக கல்யாணத்துக்கு அப்படித்தான் ஆச்சு, பெறகு வீட்டுப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் உக்காந்து பேனாவால எழுதுனாக, ஒவ்வொருத்தி ஒவ்வொரு எழுத்துல. சரி, அத விடு. தெரிஞ்சத மொதல்ல சேத்துருவோம். வான்கூவர் கனடா. இதுல சந்தேகமே கெடையாது, தெருவுல ரோசலின் டீச்சரு மூத்த மக அங்கதான் இருக்கா. பேத்தி பெறந்ததுக்குப் போன டீச்சரு பெட்டிக்குள்ள தேங்கா துருவுற அருவாமணைய வச்சு நைட்டியச் சுத்திக் கொண்டுபோயிருக்காக. அங்க ஏர்போட்டுல தொறந்து பாத்த வெள்ளக்காரப் பொம்பள இது என்னத்துக்குன்னு கேட்டிருக்கா. டீச்சருக்கு இங்கிலீஷு நல்லாத் தெரியும், அந்நேரத்துக்கு வாயில வரல. அப்படியே தரையில குத்தவச்சு உக்காந்து, இல்லாத தேங்காய எடுத்து இல்லாத மணையில வச்சுத் துருவிக் காமிச்சாகளாம், சுத்தி நின்னவுக கைதட்டி அனுப்பி வச்சுட்டாக. அம்புட்டுத் தொலவு போயி வந்த மனுசி ஊருக்குள்ள வந்து சொன்னது என்ன, "செண்பகம், அங்க எல்லாம் இருக்கு, சத்தந்தான் இல்ல. ஆரனடிச்சா வையுறாக. கதவச் சாத்துனா நம்ம மூச்சு நமக்கே கேக்குது." சத்தம் இல்ல. அந்த வார்த்தைய இப்ப எதுக்கு நெனைக்கணும். அடுத்தது பாரு. காசாபிளாங்கா மொராக்கோ. பத்தாங்கிளாஸ் முடிச்சுட்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனப்ப அவளுக்கு அட்டப்பெட்டி வேல. தகரத்துல எழுத்து வெட்டி வச்சிருப்பாக, அதப் பெட்டி மேல வச்சு கருப்பு மைய ஒத்தி எடுக்கணும், கப்பல்ல போற பெட்டிக. காசாபிளாங்கா, கீழ மொராக்கோ. கூட வேல பாத்த பேச்சித்தாயி அது மொதலாளி மருமக பேருன்னு சொன்னா. "வடக்கத்திப் புள்ளடி, அங்க இப்படித்தான் பேரு வைப்பாக." ரொம்ப நாளு ரெண்டு பேரும் காசாபிளாங்காங்கற பொம்பளைக்குத்தான் பெட்டி அனுப்புனாக. ஒத்த பொம்பளைக்கு எதுக்கு இத்தன தீப்பெட்டின்னு ஒரு நாளும் தோணல. தோணாது. மேல இருக்குறவுக சொல்லிட்டா அது அப்படித்தான். இஸ்தான்புல் துருக்கி. ஹாஜிரா மதினியோட தம்பி கப்பல் வேலைக்குப் போயிட்டுத் திரும்பும்போது வண்டி மாறுற எடத்துல தூங்கிப்போயி வண்டியவே விட்டுட்டாரே, அந்த ஏர்போட்டுதான். ஒத்தச் செருப்போட உக்காந்திருந்தாராம், மத்தது எங்க போச்சுன்னு இன்னைய வரைக்கும் தெரியாது. மூணு சேத்தாச்சு. மிச்சம் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஆக்லாந்து. நியூசிலாந்து. ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்குது, பொண்ணு பாக்க வந்த எடத்துல பெரியவுக எந்திரிச்சு வெளிய போயிட்ட கணக்கா.

நியூசிலாந்துங்கறது ஆஸ்திரேலியாவுக்குள்ள ஒரு ஜில்லாவா இருக்கப்படாதா. கோவில்பட்டி தூத்துக்குடிக்குள்ள இருக்குற மாதிரி. கேட்டா கோவில்பட்டின்னும் சொல்லலாம், தூத்துக்குடி ஜில்லான்னும் சொல்லலாம், ரெண்டும் பொய்யில்லையே. அப்படிச் சொல்லிப் பாத்ததும் நெஞ்சுல இருந்த கல்லு ஒரு பக்கமாப் பெரண்டு படுத்துச்சு. படுத்த கல்லு திரும்ப எந்திரிச்சுக்கிட்டுது, ஏன்னா கிரிக்கெட்டு. கொழுந்தன் வீட்டுல வந்து உக்காந்து பாக்கும்போது நியூசிலாந்துன்னு கருப்புச்சட்டக்காரன் ஒருத்தன், ஆஸ்திரேலியான்னு மஞ்சச்சட்டக்காரன் ஒருத்தன், ரெண்டு பேரும் தனித்தனியா வந்து அடிக்கான், ஒருத்தனுக்கொருத்தன் எதிராவும் அடிக்கான். ஒரே நாட்டுக்காரன் அப்படி நிப்பானா. இம்புட்டும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சு எங்கயோ அலமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்திருக்கு. கைடு புத்தகத்துல உலக நகரங்கள்னு ஒரு பக்கம் உண்டுமே, அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் தூக்கம் வரும், இல்லேன்னா அடுப்புல பாலு பொங்கும், இல்லேன்னா மாமியா கூப்புடும். மத்ததெல்லாம் விளிம்பு அழுக்கேறிக் கெடக்கு, அந்தப் பக்கம் மட்டும் புதுசா இருக்கு. "டைம் இருக்கு, பதட்டப்படாம எழுதுங்க"ன்னு மேற்பார்வைக்கு வந்த மிஸ்ஸு சொல்லிக்கிட்டே பெஞ்சுக்கு நடுவுல வந்தாக. சுங்குடிச் சேல, தலையில கனகாம்பரம், கொலுசில்லாத நட. செண்பகவல்லி பக்கத்துல வந்ததும் நின்னாக. "என்னம்மா, எழுதாம மேலயே பாத்துக்கிட்டிருக்க? மயக்கம் ஏதும் வருதா?" "இல்ல மிஸ்." "காலைல சாப்ட்டியா?" "சாப்ட்டேன் மிஸ்." சாப்புடல. ரெண்டு இட்டிலிய எடுத்து வச்சது அடுக்களத் திண்டுலயே இருக்கும், எறும்பு வந்திருக்கும். பாரு, பொய்யி எம்புட்டு லேசா வருது. அவுக ஒரு நல்ல வார்த்த கேட்டாக, அதுக்கு எதுக்கு நாம சங்கடத்தக் குடுக்கணும்னு வாயி தானாச் சொல்லிருது.

வீட்டுக்காரவுகளுக்கும் அப்படித்தான் வந்திருக்குமோ. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஓட்டல்ல புரோட்டா மாஸ்டரா இருந்தவுக. மாவ வீசுனா காத்துல வேட்டி விரிஞ்ச மாதிரி விரியும், அதப் பாக்கவே தெருப்பயலுக நிப்பானுக. ஏசண்டு ஒருத்தன் வந்தான், வள்ளிநாயகம்னு பேரு, வெள்ளச்சட்டைல ரெண்டு பேனா. "ஆஸ்திரேலியா, ஆக்லாந்துல நம்மாளு ஓட்டலு, அங்க புரோட்டாவுக்கு அடிச்சுக்கிட்டு நிக்கான்"ன்னு சொன்னான். அவன் சொன்னான், நாம கேட்டுக்கிட்டோம். அம்புட்டுத்தான் நடந்தது. அந்தத் தெருவுல படிச்சவுக இல்லையா, ரோசலின் டீச்சரு இல்லையா, ஒருத்தராவது ஏப்பா அந்த ஊரு அந்த நாட்டுல இல்லையேன்னு கேட்டிருக்கலாம், கேக்கல. கேக்குறதுக்கு முந்தியே கொழுந்தனும் அவன் கூட்டாளிகளும் பிளக்ஸ் வச்சுட்டானுக. டீக்கட முக்குல, மனுச ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு. கோட்டு போட்ட ஒடம்புல அவுக தலைய வெட்டி ஒட்டி, பின்னால சிப்பி சிப்பியா ஒரு கட்டடம், பக்கத்துல ஒரு கங்காரு, அது வயித்துப் பையில ஒரு குட்டி, அந்தக் குட்டிக்கு மட்டும் கொழுந்தன் மகன் மூஞ்சி. ஆஸ்திரேலியா, ஆக்லாந்து செல்லும் அண்ணன் சுடலைமுத்து அவர்களை வாழ்த்தி வழியனுப்பும் தம்பிமார்கள். தம்பிமார்க அம்புட்டுப் பேரு போட்டோவும் கீழ வரிசையா, செத்தவுக கணக்கா. அவுக அதப் பாத்துட்டு, "ஏளா, இது என்னத்துக்கு, போயிட்டு வந்து வச்சாப் போதாதா"ன்னு பையக் கேட்டாக. அப்ப அவ என்ன சொன்னா? "நல்லாத்தான இருக்கு." அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ரேசன் கடைல ஆஸ்திரேலியாக்காரி வந்துட்டா, வழி விடுங்கன்னு கேலி பேசுவாளுக, அந்தக் கேலி கூட சீனியா இனிச்சுது. மெட்ராஸ் போன அன்னைக்கி ராத்திரி பேசுனாக, மறுநாள் பேசல, அதுக்கு மறுநாளும் பேசல, நாலஞ்சு நாளு கழிச்சு ஒரு போனு. "வந்து சேந்துட்டேன்." அந்தக் கொரலு. அப்ப அவ அத தொலவுன்னு நெனச்சா. கடலுக்கு அங்கிட்டுருந்து வர்ற கொரலு அப்படித்தான் தேஞ்சு வரும்னு நெனச்சா. வள்ளிநாயகத்தத் தெருவுல பெறகு யாரும் பாக்கல, பாக்கணும்னு யாருக்கும் தேவையும் இல்ல, அனுப்புன ஆளுதான் போயிச் சேந்துட்டானே. மெட்ராஸுல ஏமாந்து நின்னு, அவுக மட்டும் அப்படியே திரும்பி வந்திருந்தா பஸ்ஸ விட்டு எறங்குனதும் எதுத்தாப்புல யாரு நிப்பா? அவுகளே நிப்பாக, கோட்டு போட்டுக்கிட்டு, கங்காரு பக்கத்துல. மழையில கிழிஞ்சு விழுற வரைக்கும் அது மாசக்கணக்கா அங்கதான நின்னுச்சு. எந்த மனுசன் அதுக்கு முன்னால பெட்டியத் தூக்கிக்கிட்டு எறங்குவான்.

நிறுத்து. இதெல்லாம் நாமளாக் கட்டுறது. ஒரு கேள்வித்தாள வச்சுக்கிட்டு குடும்பத்தையே கவுக்கப் பாக்குறோம். முன்னால உக்காந்திருக்குற வயித்துப்புள்ளக்காரி ஒரு பக்கம் திருப்புனா, அந்தச் சத்தத்துக்குச் செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டுது, அடுத்த கேள்விக்குப் போவோம்னு போனா. ஏதோ ஒரு திட்டம், அது எந்த வருசம் ஆரம்பிச்சுதுன்னு. விடை தெரியும். தெரிஞ்சு பேனாவ விடைத்தாள்ல வச்சப்பத்தான் பாத்தா, விட்டுட்டு வந்த கேள்வியோட வரிசைல வச்சிருக்கா. முனை தொட்டுருச்சு. ஒரு புள்ளி. எறும்புத்தலையம்புட்டு. பேனாவ வெடுக்குன்னு தூக்கிட்டா. இது ஒரு வரிசை தப்புனா எல்லாம் தப்பும், அடுத்த கேள்விக்கு உள்ளது இதுலயும், அதுக்கு அடுத்தது அதுலயும்னு கடேசி வரைக்கும் ஒவ்வொண்ணும் அடுத்தவுக வீட்டுல போயிப் படுத்துக்கிடும். போன தடவ பக்கத்துத் தெரு கனகலட்சுமிக்கு அப்படித்தான் ஆச்சு, அழுதுக்கிட்டே வெளிய வந்தா. ஒண்ண விட்டுட்டுப் போனா இப்படித்தான். வெறுமனே விடவும் ஏலாது. ஏ, பி, சி, டி-க்குப் பெறகு ஈ-ன்னு ஒரு வட்டம் வச்சிருக்காக, விடை தெரியவில்லைன்னு அதுக்கு அர்த்தம். தெரியலன்னாலும் தெரியலன்னு கருப்படிச்சுக் காட்டணும், சும்மா தாண்டிப் போனா அதுக்கு மார்க்கு கொறைப்பாக. தெரியாம இருக்குறதையும் கையால ஒத்துக்கிடணும். ஈ-ல கருப்படிச்சுட்டுப் போயிரலாம். யாரு கேக்கப்போறா. இந்த ஒரு கேள்வி எனக்குத் தெரியல சாமின்னு மிசினுகிட்ட சொல்லிட்டு, வீட்டுக்குப் போயி, அவுக பேசும்போது கங்காருவப் பாத்தீகளான்னு கேட்டுக்கிடலாம். மாமியா அதத்தான் வாராவாரம் கேக்கும். "ஏலேய், கங்காரு பாத்தியா?" "பாத்தேம்மா, ரோட்டோரத்துல ஆடு கணக்கா மேயுது." "கடிக்குமா?" "நாம அதச் சீண்டுனாத்தாம்மா." கெழவிக்கு அன்னைக்கி நல்லாத் தூக்கம் வரும். ஆனா ஒரு கேள்விங்கறது ஒரு கேள்வியில்ல. லைப்ரரில வந்து வகுப்பெடுக்குற சாரு சொல்லுவாரு, ஒத்த மார்க்குக்குள்ள ஒரு ஊரே நிக்கும், நீ அந்த ஊருக்கு முன்னால நிக்கியா பின்னால நிக்கியாங்கறதுதான் வேலைன்னு. தெரிஞ்சத தெரியலன்னு சொல்லி ஒரு ஊருக்குப் பின்னால போயி நிக்கணுமா. வேணும்னே தப்பா மாத்திப் போடவும் தெரியல. தெரியலன்னா. தெரியாதா உனக்கு, செண்பகம்.

தெரியும். காக்கா கத்துனது தெரியும். இங்க நம்ம வீட்டுக் கொல்லைல கத்துன காக்காதான் போனுக்குள்ளயும் கேக்குதுன்னு மொதல்ல நெனச்சா, பெறகு கொல்லைல போயி நின்னு பாத்தா, அங்க ஒண்ணும் இல்ல. தெரியும். போனுல பேசும்போது பின்னால டக டக டகன்னு ஒரு சத்தம், கொத்து போடுற சத்தம், ரெண்டு தகட்டையும் கல்லுல அடிச்சு அடிச்சு ஒரு பாட்டா வாசிப்பாகளே, அது. "அங்கயும் கொத்து திங்காகளா?" "நம்மாளுக இல்லாத ஊரு எது?" சரிதான்னு விட்டா. "கரண்டு போயிருச்சு, பெறகு பேசுறேன்"ன்னு ஒரு நாளு வச்சுட்டாக. ஆஸ்திரேலியாவுல கரண்டு போகுமான்னு கேக்கல. வீடியோல வாங்கன்னா நெட்டு தாங்காதுன்னுவாக. அனுப்புன போட்டோ எல்லாம் கட்டடமாத்தான் இருக்கும், ஆளு இருக்காது. போன சித்திரைல கத்திரி வெயிலு, இங்க தாரு உருகுது, அவுகளும் "மண்டையப் பொளக்குது, கல்லு முன்னால நிக்க முடியல"ன்னாக. அந்தப் பக்கம் அப்ப குளிரு தொடங்குற காலமாம், இதச் சொன்னது யாரு, சுபிக்ஷா. மக. ஏழாங்கிளாஸ் படிக்கா. அது ஒரு நாளு அட்லஸ விரிச்சு வச்சுக்கிட்டு ஸ்கெட்ச் பேனாவோட உக்காந்திருந்துச்சு, அப்பா இருக்குற ஊர்ல சிவப்புப் பொட்டு வைக்கணுமாம். ரொம்ப நேரம் வெரல வச்சுத் தேடுச்சு. "அம்மா, ஆஸ்திரேலியாவுல ஆக்லாந்து இல்லையே." அவ மிசினுல பாவாட ஓரம் அடிச்சுக்கிட்டிருந்தா. "சின்ன ஊரா இருக்கும்டீ, நம்ம ஊரு மேப்புல இருக்கா என்ன." புள்ள திரும்பவும் குனிஞ்சு பாத்துச்சு. வெரலு அந்தப் பெரிய நாட்ட விட்டு எறங்கி கடலுக்குள்ள போச்சு, ஓரமா ஒரு எடத்துல நின்னுச்சு. நிமுந்து அம்மாவப் பாத்துச்சு. பேனா மூடியப் போட்டு மூடிட்டு அட்லஸயும் மூடிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. அப்ப மிசின் ஊசி நூலறுத்துச்சு, நூலு கோக்கக் குனிஞ்சுட்டா, அந்தப் பார்வைய அதோட விட்டுட்டா. அதுக்குப் பெறகு புள்ள அப்பா ஊரப்பத்திக் கேக்கவே இல்லயே. "நல்லா இருக்கியாப்பா, சாப்ட்டியாப்பா" மட்டுந்தான். அய்யோ, புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தன நாளா ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ள, இல்லாத தேங்காய இல்லாத மணையில வச்சுத் துருவிக்கிட்டு இருந்திருக்கோம்.

வேற பொம்பள ஏதும் இருக்குமோ. வந்த நெனப்ப உக்காரவச்சு மூஞ்சியப் பாத்தா. அவுக கொரல நெனச்சுப் பாத்தா. வேற வீட்டுல சோறு திங்கிற ஆம்பள கொரலு எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியும், பெரியப்பா கொரலு அப்படி இருந்துச்சு, எண்ண தேச்ச மாதிரி, வழுக்கி வழுக்கி வரும், பெரியம்மாவுக்கு வாரம் தவறாம பூ வேற வாங்கிட்டு வருவாரு. அவுக கொரலு அப்படியில்ல. நாளு பூராம் நெருப்பு முன்னால நின்னுட்டு, எச்சித்தண்ணி வத்தி, எங்கயோ மாடிப்படில உக்காந்து கால நீட்டிக்கிட்டுப் பேசுற கொரலு. "வேற என்ன"ன்னு கேப்பாக. "வேற ஒண்ணுமில்ல"ம்பா. "சரி, வச்சிரவா"ம்பாக. வைக்க மாட்டாக. அவளும் வைக்க மாட்டா. ரெண்டு பக்கமும் மூச்சு மட்டும் ஓடிக்கிட்டிருக்கும். அவளோட அசதிதான் அது. அதே அசதி, அந்தப் பக்கத்துல. காசும் மாசாமாசம் வரத்தான் செய்யுது, குடுக்காம ஓடுன மனுசன் இல்ல. பொய்யச் சொமந்துக்கிட்டு ஒருத்தரு அங்க நிக்காக, அதைக் கேட்டுக்கிட்டு ஒருத்தி இங்க நிக்கா, ரெண்டு பேருக்கும் கை வலிக்குது, யாரு மொதல்ல கீழ வைக்கிறதுன்னுதான் தெரியல. எங்க இருப்பாக. அந்தக் காக்கா எந்த ஊருக் காக்கா. கார்த்திகைல புயலு வந்து இங்க ஊத்துன அன்னைக்கி அங்கயும் மழைன்னாகளே, அப்படின்னா ரொம்பத் தொலவு இல்ல. மெட்ராஸா, மெட்ராஸுக்கு முந்தியா. ஆக்லாந்து எந்த நாட்டுல இருந்தா அவளுக்கு என்ன, அவுக எந்த ஊர்ல இருக்காகங்கறதுக்குத்தான் இந்தத் தாள்ல கட்டம் இல்ல.

மணி அடிச்சுது. கடேசி அரைமணி. முதுகுல வேர்வ ஒரு கோடா எறங்குது. செண்பகவல்லி விடைத்தாள நேரா இழுத்து வச்சா. அந்தப் புள்ளி அப்படியே இருக்கு, எறும்புத்தல, சி-ங்கற வட்டத்துக்குள்ள. விடையும் சி-தான். மூணாவது ஊருக்கு நியூசிலாந்து போட்டிருக்குறது அது ஒண்ணுதான். கை அப்பவே போயித் தொட்டுட்டு வந்திருக்கு, அவதான் இம்புட்டு நேரம் சுத்திக்கிட்டு இருந்திருக்கா. கருப்பு மைய அழிக்க முடியாதும்பாக. அழிக்க வேண்டாம். ஓரத்துலருந்து உள்ள உள்ளன்னு சுத்திச் சுத்தி நெரப்புனா, வெள்ள ஒரு துளி தெரியாம, தீப்பெட்டி ஆபீசுல தகரத்து மேல மைய ஒத்துன அதே கவனத்தோட. நெரப்பி முடிச்சதும் அழுக வரும்னு பாத்தா. வரல. கொட்டாவிதான் வந்துச்சு, கண்ணு ரெண்டும் நெறையுற மாதிரி ஒரு பெரிய கொட்டாவி. பெறகு மிச்சக் கேள்விகள ஓடிப்போயிப் பாத்தா, தெரிஞ்சதப் போட்டா, தெரியாததுக்கு ஈ போட்டா, இப்ப ஈ போடக் கை கூசல, அது நெசமாவே தெரியாதது. மிஸ்ஸு வந்து எல்லாரையும் ஏ எத்தன, பி எத்தன, சி எத்தனன்னு எண்ணி எழுதச் சொன்னாக. சி-ய எண்ணும்போது அந்த ஒண்ணுல வெரலு ஒரு நிமிசம் நின்னுச்சு, பெறகு அதையும் கூட்டத்தோட சேத்துக்கிட்டுது. இடது பெருவெரல மைப்பெட்டில அமுக்கி உருட்டி வச்சா. "அம்மா, வீட்டுக்குப் போயி மொதல்ல சாப்புடு"ன்னாக மிஸ்ஸு, தாள வாங்கிக்கிட்டே. "நீ சாப்புடலன்னு எனக்குத் தெரியும்."

வெளிய வேப்பமரத்தடில பையெல்லாம் குமிச்சுக் கெடந்துச்சு. ஆளாளுக்கு அந்தக் கேள்விக்கு என்ன போட்ட, இந்தக் கேள்விக்கு என்ன போட்டன்னு ஒருத்தர ஒருத்தரு அறுத்துக்கிட்டிருந்தாக. வயித்துப்புள்ளக்காரி தூண்ல சாஞ்சு தண்ணி குடிச்சுக்கிட்டே, "எக்கா, அந்த ஊரு நாடு கேள்வி சுளுவா இருந்துச்சுல்ல?"ன்னா. "ஆமா"ன்னா செண்பகவல்லி. பைக்குள்ள போனு அடிக்குது. எடுத்தா, அவுகதான், வாட்ஸாப்புல, நம்ம ஊரு நம்பர்லயே. பரீட்ச முடியுற நேரத்தக் கணக்குப் பண்ணி அடிச்சிருக்காக.

"எப்படிளா எழுதுன?"

"எழுதிருக்கேன்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"ஒண்ணே ஒண்ணு. அதையும் சரியாப் போட்டுட்டேன்."

"அப்ப கெடச்சிரும். நீ வேணாப் பாரு." பின்னால டக டக டகன்னு கொத்துச் சத்தம். அதுக்கும் பின்னால ஒரு கண்டக்டரு விசிலு, நீளமா ஒண்ணு.

"நீங்க சாப்ட்டீகளா?"

"எங்க சாப்புட, இங்க பொழுது சாஞ்சிருச்சு, இனி ராச்சாப்பாடுதான்."

அவ குனிஞ்சு பாத்தா. உச்சி வெயிலு, நெழலு காலுக்கடியிலயே சுருண்டு கெடக்கு. பெருவெரல்ல மை காயல, போன்ல ஒட்டுது. ஏங்க இப்படிச் செஞ்சீகன்னு கேக்க ஒரு வார்த்த, அழுகுறதுக்கு ஒரு வார்த்த, வையுறதுக்கு ஒரு வார்த்த, எல்லாம் தொண்டைக்குள்ள வரிசையில நின்னுச்சு. எதையும் தூக்குறதுக்குத் தெம்பு இல்ல. எது லேசா இருந்துச்சோ அத எடுத்தா.

"ஏங்க."

"என்னளா?"

"அங்கருந்து நம்மூருக்கு பஸ்ஸு இருக்கா?"

கொத்துச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. பெறகு அதுவும் நின்னுச்சு, யாரோ கையக் காட்டி நிறுத்துன மாதிரி. ஒரு காக்கா கத்துச்சு. அவ போன காதுல அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னா, மூச்சு ஓடுது, வந்து வந்து போகுது, அவுகளும் வைக்கல, அவளும் வைக்கல.

"நேர் வண்டி கெடையாது"ன்னாக சுடலைமுத்து. கொரலு பக்கத்துல கேட்டுச்சு. "மதுரைல எறங்கி மாறணும்."